மாநிலத்துக்கு எண்பது காசு

ஒரு வரைபடம் நாற்பது ரூபாய்.
ஐம்பது மாநிலம்; ஆக, மாநிலத்துக்கு எண்பது காசு.
அலாஸ்காவும் ஹவாயும் சேராத வருஷங்களில்
எனக்குக் கொஞ்சம் லாபம்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றுக்குக்
கோட்டையூரில் உட்கார்ந்து நிறம் பூசுகிறோம்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பதில் தொடக்கம்.
யானைக் கட்சிக்குச் சிவப்பு
கழுதைக் கட்சிக்கு நீலம்.
அந்த நிறங்களே நேற்று வந்தவை என்றான் ஜெபமாலை,
முன்பெல்லாம் டிவிக்கு டிவி மாற்றிப் பூசுவார்களாம்.

தெற்கு சுலபம்.
மிசிசிப்பி நீலம்.
மிசிசிப்பி நீலம்.
போன தேர்தலை நகலெடுத்து ஒட்டினால் போதும்.
அப்பன் குத்தின இடத்தின்மேல்
பிள்ளை குத்திக்கொண்டே வருகிறான்.
வடகிழக்கு மூலையில் விரலளவு வெர்மான்ட்
அதே வீம்பில் சிவப்பு, நூறு வருஷத்துக்கு.
நாற்பத்தெட்டில் மட்டும் தெற்கே மூன்றாவதாய் ஒரு நிறம்,
வேட்டியில் தெறித்த காபி மாதிரி.

அறுபத்து நாலாம் வருஷத் தாளில்
மிசிசிப்பி சிவப்பு, வெர்மான்ட் நீலம் என்றிருந்தது.
அனுப்பினவன் தூக்கக் கலக்கத்தில்
மாற்றிப் போட்டுவிட்டான் என்று
நானே திருத்தி அனுப்பினேன்.
மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
நாற்பது ரூபாய் பிடித்தம்.

அந்த நாற்பதின் கோபத்தில்
விடிய விடியப் படித்தேன்.
விலங்கை உடைத்தது யானை.
உடைந்த விலங்கை எடுத்துத் தெற்கே
வாக்குச்சாவடி வாசலில் கட்டிவைத்தவர்கள்
கழுதைக்காரர்கள்.
பிறகு வேலையில்லாத காலம்;
வடக்கே கறுப்பர்கள் ஒவ்வொருவராய்
கழுதைப் பக்கம் நகர்ந்தார்கள்.
பிறகு அதே கழுதைக் கட்சி
ஓட்டலிலும் கொட்டகையிலும்
எல்லாருக்கும் ஒரே வாசல் என்று சட்டம் எழுத,
மை காய்வதற்குள்
மிசிசிப்பி எழுந்து எதிர்ப்பந்திக்குப் போய்விட்டது.
எல்லாரும் ஒரே நாளில் போகவில்லை.
உள்ளூருக்குப் பழைய சின்னம்
டெல்லிக்குப் புதுச் சின்னம் என்று
இருபது முப்பது வருஷம் இழுத்தவர்கள் உண்டு.
டெல்லி என்றா எழுதினேன்? வாஷிங்டன்.

எங்கள் ஆபீஸ் இருக்கிற வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது.
என் அம்மா இருளாயி
பாத்திரம் தேய்க்க வந்து போனது பின்வாசல் வழி.
பஸ் ரோடு அந்தப் பக்கம் விழுந்தது.
பின்வாசலுக்குப் பெயிண்ட், பெயர்ப்பலகை, காலிங்பெல்.
அம்மா சாம்பல் குவித்த இடத்தில்
சாத்தப்பன் இப்போது கார் நிறுத்துகிறார்.
கழுத்தில் அட்டையோடு நானும்
அதே வாசலில்தான் நுழைகிறேன்.
வீடு ஒரு செங்கல் நகரவில்லை.
உங்கம்மா வந்த வாசலே தலைவாசல் ஆயிருச்சே,
இதைவிட என்ன வேணும் என்பான் ஜெபமாலை.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று கரண்ட் போனது.
காற்றுக்காக உள்ளே நடந்தேன்,
முற்றம் தாண்டி, இன்னொரு முற்றம் தாண்டி,
அடுத்த தெரு வரைக்கும்.
பர்மாத் தேக்குக் கதவு,
மேலே யானை நீரூற்றும் லட்சுமி.
ஒரு பலகை மட்டும் திறந்திருக்க
கையில் விளக்குமாறோடு ஒருத்தி உள்ளே வந்தாள்.
இருபத்திரண்டு வயசிருக்கும். பெயர் பூச்சி.
முன்பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா,
நான் எப்பவும் இந்தப்
பின்வாசல் வழியாத்தான் என்றாள்,
லட்சுமிக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

கரண்ட் வந்தது.
அறுபத்தெட்டு காத்திருந்தது.
மறுபடியும் மூன்றாவது நிறம்,
தெற்கே ஐந்து மாநிலம்.
இந்தத் தடவை எதையும் திருத்தவில்லை.
நாலு ரூபாய்.