ஐந்தில் ஒரு பங்கு

தனபாலன் கவெண்டர் இடக்கைக்காரர்.
டர்பன் துறைமுகத்தில்
கன்டெய்னர் தூக்கும் கிரேனின் உச்சியில்
இருபத்திரண்டு வருடம்,
காலுக்குக் கீழே கண்ணாடித் தரை.
வலது மணிக்கட்டில் கட்டுவார்,
இடது கையால் சாவி கொடுப்பார்,
அதனால் குமிழ் ஒன்பது மணிப் பக்கம் வேண்டும்.
கடையில் கிடைக்காது என்று தெரிந்துதான்
என் கராஜுக்கு வந்தார்.
ஒரு கையில், கழித்துப்போட்ட கிரேனின் எஃகு முளை.
மறு கையில், டிஷ்யூ பேப்பரில் பொதிந்த
அடகுக்கடைக் கடிகாரத்தின் எந்திரம்.
"இதுக்குள்ள இது, லோகி.
முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

எந்திரத்தின் விட்டம் முப்பத்தாறு புள்ளி ஆறு.
முளையில் நான் கடைந்த கூட்டின் வயிறு
முப்பத்தாறு புள்ளி ஆறு ஐந்து.
அரைவட்டம் திருப்பி வைத்தால்
குமிழ் இடப்பக்கம் வரும்.
ஒன்பதில் ஓடிய குட்டி விநாடி முள்
மூன்றுக்குக் குடிபெயரும். பெயரட்டும்,
முகப்பை வரைவது நான்தானே.

ரொட்டிக்குப் பிசைந்த மாவில் மிளகளவு கிள்ளி
முள் மாட்டும் கம்பத்தின் தலையில் வைத்து
கண்ணாடியை மூடித் திறந்து
நசுங்கிய மாவை அளந்தேன்:
மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு. தாராளம்.
தாராளம் என்ற சொல்லை
இந்த வேலையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

சாவித் தண்டு நுழையவில்லை.
துளை உயரத்தில் இருந்தது,
எந்திரம் தாழ்ந்து கிடந்தது,
நடுவே ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்.
தள்ளினால் போய்விடும் என்று தோன்றும் இடத்தில்தான்
நான் முறித்தவை எல்லாம் முறிந்தன,
ஒரு கல்யாணம் உட்பட.

பித்தளை வளையம் கடையலாம் என்று
லேத்தை முடுக்கியபோது மணி எட்டு.
லோட் ஷெடிங்.
சாட்ஸ்வொர்த்தின் சரிவு முழுக்க
ஜன்னல்கள் வரிசையாய் அணைந்தன.
லேத் தன் வேகத்தில் கொஞ்சம் சுற்றி
அலுத்து நின்றது.
அடுத்த வளவில் பேனல் தட்டுகிறவனின் கம்ப்ரசர் நின்றது.
நாய்கூட ஒரு கணம் யோசித்தது.
மேசைமேல் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
யாருக்கும் கரன்ட் பில் கட்டாமல்.

ஜிஞ்சர் பீர் டின்னை எடுத்துக் கிழித்தேன்.
தகட்டின் கனம் பத்தில் ஒன்று, இரண்டு வளையம் போதும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நகம் வெட்டும் கத்தரியால்.
எச்சில் ஒழுகியது, விரலில் ரத்தமும்.
ஆறாவதும் ஏழாவதும் வட்டமாக வந்தன.
அடியில் இட்டு எந்திரத்தை இறக்கினேன்.
தண்டின் இரு பாதிகளும்
இருட்டில் ஒன்றையொன்று தேடி,
டக்.

முள் மாட்டி, கண்ணாடி அழுத்தி,
குமிழை இழுத்து, காதோடு பிடித்து
மெல்லத் திருப்பினேன்.
பன்னிரண்டு. மூன்று. ஆறு. ஒன்றுமில்லை.
நிமிட முள் பத்தைத் தொடும்போது
ஸ்ஸ்.
சுண்டெலி மூச்சு மாதிரி.
மறுபடி சுற்றினேன். மறுபடி அங்கேதான்.
எந்திரத்தை உயர்த்தியது நான்.
மாவு சொன்ன மூன்றில்
இரண்டைக் கழிக்க மறந்ததும் நான்.
மிச்சமிருந்த ஒன்றை
லேசாய் நிமிர்ந்த முள்ளின் நுனி எடுத்துக்கொண்டது.

பகலென்றால் கேட்டிருக்காது.
கம்ப்ரசருக்கும் அவன் ரேடியோவுக்கும் நடுவே
துடைத்து, பெட்டியில் வைத்து,
காசு வாங்கியிருப்பேன்.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது.
ஃபிரிட்ஜ் உடம்பை உதறி எழுந்தது.
மணி திருத்தி, கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு
போனை எடுத்துத் தட்டினேன்:
உள்ளே போகிறது. தண்டு பிடிக்கிறது.
கண்ணாடி மட்டும் இன்னும் கொஞ்சம் மேடாக வேண்டும்.
சனிக்கிழமை வராதீர்கள்.

அவருக்கு இரவு ஷிஃப்ட்.
பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது, மேலேயிருந்து:
ஓடுதா?

திரும்பிப் பார்த்தேன்.
பத்து ஐம்பது வரைக்கும் ஓடியது,
என்று எழுதினேன்.