நான்காம் தொட்டி

தெலுக் பஹாங்கில் மழை. கடைசி பஸ் போய்விட்டது.
விடியும்வரை நானும், நீரேற்றியின் இரைச்சலும்,
நான்காம் தொட்டியில் மூன்று கணவாய்களும்.

சுவர் என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது.
முதல் வாரம் முட்டி முட்டி
வால்நுனி கிழிந்து மூன்று செத்தன.
பிறகுதான் ஹஸ்னுல் கண்ணாடி நெடுகக்
கறுப்பு டேப் ஒட்டினான், ஜெயில் கம்பி மாதிரி.
கம்பி தெரிந்ததும் முட்டுவதை விட்டன.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றேன்.
சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

11.20. சிவப்பு விளக்கு.
பெரியவன் அவளுக்கு ஒரு சாண் மேலே
கூடவே மிதக்கிறான்.
உடம்பில் கோடுகள் எழுகின்றன, அழிகின்றன,
யாரோ கடிதம் எழுதி எழுதிக் கிழிப்பதுபோல.
அவள் வெளுத்தாள்.
வெளுத்தால் மறுப்பு என்கிறது படிவம்.

11.47. மறுப்பென்று எழுதி மூடிய பேனா கையிலிருக்க
அவன் தலைகீழாய்ப் புரண்டு
ஒரே ஒரு கையை நீட்டி
அவள் வாயோரம் எதையோ வைத்தான்.
நான்கு நொடி இருக்கலாம்.
ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்தேன்.

12.05. சின்னவன், துடுப்பு மடிந்தவன்,
பெண்ணின் நிறத்தைப் பூசிக்கொண்டு
இருவருக்கும் நடுவே நுழைந்து வெளியேறினான்.
பெரியவனுக்குச் சந்தேகமே வரவில்லை.
இருவர் தந்ததையும் அவள் வைத்துக்கொண்டாள்.
எதை எடுப்பாள், எப்போது,
அது அவள் வாய்க்குள் இருக்கிற விஷயம்.

அடுத்த கட்டம்: தேர்வு.
வலையில் வந்தது ஆறு. மிஞ்சியது மூன்று.
அதில் ஆண் இரண்டு.
இதற்குப் பெயர் தேர்வென்று நான் எழுதினால்
திங்கட்கிழமை சியூ லிங் அட்டவணையில் ஏற்றுவாள்.
எண்ணாகிவிட்ட பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

1.30. மார்பு கட்டிக்கொண்டது.
குளிர்பெட்டி அறைக் கதவைச் சாத்திப்
பம்பை வைத்தேன். அதுவும் இரைகிறது.
நூற்றுப் பத்து மில்லி.
முட்டைச் சீசாவுக்கு எழுதும் அதே பேனாவில்
தேதி, நேரம்.
உறைந்த இறால் பொட்டலத்துக்கு மேல்தட்டு.
குணாளன் படம் அனுப்பியிருந்தான்:
புட்டி காலி. பிள்ளை தூக்கம்.
படத்தில் என் தலையணையைக் காணோம்.

3.10. நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய
கயிற்றுக் கொத்தை அவள் சீண்டவில்லை.
காற்றுக் குழாயின் அடியில், பாசி பிடித்த இடத்தில்,
வெள்ளை விரல்களாக ஒட்டத் தொடங்கினாள்.
ஒரு விரலுக்குள் ஐந்தாறு முத்து.
ஒட்டுவாள், பின்வாங்குவாள், மறுபடி வருவாள்.
பெரியவன் காவல் சுற்றினான்,
அவளுக்கு. முட்டைக்கு அல்ல.
எண்பத்து மூன்று வரை எண்ணினேன்.

வியாழன் இரவு அவள் தரையில் கிடந்தாள்.
தோலின் புள்ளிகள் மட்டும்
இன்னும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன,
செய்தி போய்ச் சேராத ஊர்போல.

குறிப்பேட்டைத் திருப்பித்
தேர்வுக் கட்டத்தில் நான்கு சொல் எழுதினேன்:
காற்றுக் குழாய். கயிறு அல்ல.

காலை ஃபெரியில், மடியில் ஐஸ் பையோடு
பட்டர்வொர்த் போகிறேன்.
பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சிக் கேட்டார்,
"என்னம்மா பையில, சோத்தோங்கா?"

பால் என்றேன்.
அவர் நம்பியதாகத் தெரியவில்லை.