கீழ்ச்சத்தம்

கஸ்தூரியார் வீதியில் வாங்கின பேஸ்,
கழுத்தில் ஒரு வெடிப்போடு, ஆறு மாதத் தவணையில்.
நாலு கம்பி. இரண்டு பிக்கப்.
காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்பை
ஆயிரக்கணக்கில் வரிந்திருக்கிறார்கள்.
கம்பி நடுங்கினால் செம்புக்குத் தெரியும்.
அவ்வளவுதான் சூத்திரம்; மிச்சமெல்லாம்
எந்த இடத்தில் காது வைப்பது என்பது.

குருநகர் இறங்குதுறையில் பார்த்திருக்கிறேன்:
தோணி கட்டின கயிறு
நடுவில் தாராளமாக வீசும்,
முடிச்சுக்குக் கிட்ட விறைத்து நிற்கும்.
கழுத்துப் பக்கப் பிக்கப் கேட்பது வீச்சை.
பிரிட்ஜ் பக்கத்தது கேட்பது விறைப்பை,
மூக்கால் பேசும் வட்டிக்காரன் மாதிரி
ஒரு சொல்லும் தவறாமல்.

ஒன்றை மட்டும் திறந்தால் இரைச்சல்.
ஜெனரேற்றர் ஓடும் கலியாணவீட்டில் இன்னும் மோசம்:
உம்மென்று ஒரு வண்டு,
பாட்டு முடிந்தும் போகாது.
இரண்டையும் முழுக்கத் திற,
ஒன்றின் இரைச்சலை மற்றது விழுங்கிவிடும்
என்று சொன்னவன் கிளறன்ஸ், எங்கள் சவுண்ட்காரன்.
தன் வீட்டில் அது சரிவரவில்லை என்றும் சொன்னான்.

கம்பி வேறு கதை.
புதுசென்றால் பல்லு விளக்கின சிரிப்பு.
பண்ணைக் காற்றும் என் விரல் வியர்வையும் சேர
மூன்றாம் கிழமை மங்கிவிடும்.
ஒரு செற் கம்பிக் காசுக்கு
எத்தனை கிலோ நண்டென்று அம்மா கணக்குச் சொன்னாள்.
பேசாமல் கூழ்ப் பானையில் போட்டு அவித்தேன்.
இரண்டு நாள் மினுங்கியது சத்தம்.
பானை இப்போது எனக்குத்தான்.

தட்டைச் சுற்றுக் கம்பியும் போட்டுப் பார்த்தேன்.
வழவழப்பு. விரல் உரசும் கீச்சு இல்லை.
ஓர்கனிலிருந்து திரும்பி ரெமீஜியஸ் அண்ணா கேட்டார்:
"பிள்ளை, இண்டைக்கு வாசிச்சனியோ?"

வீட்டில் தனியே இனிக்கிற ரோன்
மேடையில் கரைந்துபோகும்.
மிட்டைக் கூட்டினால் தனியே கேட்கச் சகிக்காது,
தகர டப்பா.
ட்ரம்ஸும் ஓர்கனும் ஏறின பிறகு
அந்த அசிங்கம்தான் என் விலாசம்.

தெரிந்திருந்தும் கோண்டாவில் மண்டபத்தில்
பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்தேன்.
ஆசை. வேறொன்றுமில்லை.
வெறும் ஈ கம்பியை அடிக்க
தகரக் கூரையும் சேர்ந்து பாடியது,
மேசையில் சோடாப் போத்தல்கள் நடந்தன.
பெடியள் விசிலடித்தார்கள்.

மூன்றாம் பாட்டில் ஒருவர் மேடை விளிம்புக்கு வந்தார்.
வெள்ளைச் சேட்டு, பொக்கெற்றில் அழைப்பிதழ்.
சத்தம் போடவில்லை.
"பாட்டை நிப்பாட்ட வேண்டாம் பிள்ளை.
அந்த அடியிலை வாறதை மட்டும்..."
காதைக் காட்டவில்லை, நெஞ்சைக் காட்டினார்.
மற்றக் கை ஒரு கதிரையின் முதுகை
விடாமல் பிடித்திருந்தது.

ஏனென்று கேட்கவில்லை.
எனக்கும் இடது காதில்
பதினொரு வயதிலிருந்து றீபிள் இல்லை.

பேஸ் குமிழை நடுவுக்குக் கீழே இறக்கினேன்.
மிட்டை இரண்டு கோடு ஏற்றினேன்.
கழுத்துப் பிக்கப்பைப் பாதியாக்க
வண்டு எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.
அதே ஈ. அதே சுரம்.
தள்ளுகிறது மட்டும் போயிற்று.
கூரை வாயை மூடிக்கொண்டது.

அடி எங்கே, அடி எங்கே என்று
கிளறன்ஸ் தன் மேசையிலிருந்து கையாட்டினான்.
காணாதவள் போல வாசித்தேன்.

இரண்டு பாட்டுக் கழித்துத் தேடினேன்.
பின்வரிசையில் ஐஸ்கிறீம் கோப்பையோடு அவர்.
செருப்பு நுனி தட்டிக்கொண்டிருந்தது,
தாளத்துக்குச் சற்றே பிந்தி.

குமிழ்கள் அன்று நின்ற இடத்தில்
நெயில் பொலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன்.
சிவப்பு.
வேறு நிறம் கையில் இருக்கவில்லை.