நாற்பத்தோரு ஜிகாபைட் பனி

சனிக்கிழமைகளில் நூலகத்தைப் பூட்ட
நான் சாவியை எடுத்த பிறகுதான் சுன்னிவா வருவாள்,
கம்பளிக் காலுறைக்குள் ஒரு வன்தட்டைச் சுற்றிக்கொண்டு,
நண்டு ஆலையின் உப்பு மணக்க.
வார்டோவில் வேகமான இணைப்பு இங்கேதான்.
வரி அலுவலகத்திலும் உண்டு.
அங்கே யார் போவார்கள்.

இந்த முறை ஏழு நிமிடக் காணொளி.
பேச்சில்லை, இசையில்லை.
துறைமுக விளக்கடியில் பனி பெய்கிறது.
அவ்வளவுதான்.
சூரியன் எட்டிப் பார்க்காத ஜனவரியில்
விரல்நுனி மரத்துப்போகும் வரை நின்று எடுத்தது.
கேமராவுக்கு வாங்கிய கடன்
இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.
ஒவ்வொரு துகளும் தனித்தனியே
யாரிடமும் வழி கேட்காமல் இறங்குகிறது.
நாற்பத்தோரு ஜிகாபைட்.

ஏறட்டும் என்று உட்கார்ந்தோம்.
பதினெட்டு சதவீதத்தில் காபி தீர்ந்தது.
அறுபதில் அவள் தூங்கிப்போனாள்,
கன்னத்தில் விசைப்பலகையின் தடம் விழ.
நூறு வந்ததும் எழுப்பினேன்.

கைபேசியில் திறந்தாள்.
பனியைக் காணோம்.
சாம்பல் நிறக் கூழ் ஒன்று
திரையில் கொதித்துக்கொண்டிருந்தது.
விளக்குக் கம்பம் மட்டும் கச்சிதம்.

விவரம் தெரிந்த ஒருவன் ட்ரோம்சோவிலிருந்து எழுதினான்:
அது அப்படித்தான்.
சுருக்கும் எந்திரம் முந்தின சட்டகத்தைப் பார்த்து
அடுத்ததை ஊகிக்கிறது.
அசையாததை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளும்.
நேராக ஓடும் காரைக்கூடத் துரத்திப் பிடித்துவிடும்.
பனி, கடல்நுரை, வீசியெறிந்த வண்ணக் காகிதம்
இதெல்லாம் அதற்கு ஆகாது.
பனி பெய்யாத நாளில் எடுங்களேன்.

வாய்விட்டுச் சிரித்தாள்.
நேற்று இருந்தபடியேதான் இன்றும் என்று நம்புகிறவர்கள்
எங்கள் நகர்மன்றத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
பிட்ரேட்டை இரட்டித்தாள், நிறத்தைக் குறைத்தாள்,
நாலு சனிக்கிழமை.
கூழ் கொஞ்சம் கெட்டியானது.

ஐந்தாம் வாரம்
படக்கதை அலமாரிகளை ஓரம் தள்ளிவிட்டு
வெள்ளைச் சுவரில் மூலக்கோப்பை அப்படியே ஓட்டினேன்.
பதினோரு பேர் வந்தார்கள்.
ஆறு பேர் ஆலைக்காரர்கள்,
மற்றவர்கள் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
ஜன்னலுக்கு வெளியே அதே பனி பெய்துகொண்டிருந்தது.
ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
மூன்றாம் நிமிடம் ஒரு துகள் மட்டும்
விளக்கைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது.
அதோ, என்றார் கிரேன் ஓட்டும் ஹால்வார்ட்.
அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இங்வில்ட் அதைக் கைபேசியில் பிடித்துப் பதிவிட்டாள்.
பின்தலைகள், சுவர், சுவரில் கூழ்.
பன்னிரண்டு நொடி.
இருபத்திரண்டாயிரம் பேர் பார்த்தார்கள்.
எந்த ஊர்த் திரையரங்கு என்று கேட்டார்கள்.
சுன்னிவா அன்று இரவுப் பணியில் இருந்தாள்,
கையுறையோடு கைபேசியைத் தொட முடியாது.

கோப்பு இன்னும் நூலகக் கணினியில் இருக்கிறது.
இடம் போதவில்லை, எதையாவது நீக்கு என்று
காலையிலும் மாலையிலும் நச்சரிக்கிறது.
பழைய பேருந்து அட்டவணைகளை நீக்கினேன்.
போன வாரம் கூட்டக் குறிப்புகளை.
இன்று அது புதிதாக ஒன்று கேட்கிறது:
சுருக்கித் தரட்டுமா,
கண்ணுக்குத் தெரியாத இழப்புதான்.

வேண்டாம் என்று அழுத்திவிட்டு
என் சம்பளச் சீட்டுகள் எந்தக் கோப்புறையில் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.