வேறொரு ஊர்

பழைய ஹார்டு டிஸ்க் செவ்வாய்க்கிழமை பேச ஆரம்பித்தது.
டிக்.
கொஞ்சம் மௌனம்.
டிக்.
காதருகே வைத்துக் கேட்டேன்.
பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ
நகத்தால் கதவைத் தட்டுவதுபோல்.
அதற்குள் இரண்டாயிரத்துப் பதினேழு முழுவதும் இருந்தது,
டமாரிஸுக்கு முன்பல் விழுந்த ஆண்டு.
போயிற்று.
பல்லும், பல் போன சிரிப்பின் படமும்.

வல்பராய்சோவில், கொந்தெல் தெருவில், எலியாசரின் கடை
ஒரு சந்துக்குக் கதவு போட்டதுபோல் இருக்கும்.
மீன்சந்தையில் கணக்கெழுதுகிறவள் நான்.
மீதியிருக்கும் நாற்பத்தோராயிரம் படங்களை
கிலோ சொல்வதுபோல் சொன்னேன்.

கண்ணாடி மேஜையில் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தான்.
பென் டிரைவ் பயணத்துக்கு, செனோரா, குடித்தனத்துக்கு அல்ல.
இந்த எஸ்எஸ்டி வேகம், கைதவறி விழுந்தாலும் தாங்கும்,
ஆனால் மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பூட்டிவைத்தால்
மெல்ல மறக்கத் தொடங்கும்.
இது சுழல்கிற தட்டு. மலிவு, இடம் அதிகம்,
கீழே போட்டால் போச்சு.

மலிவானதில் இரண்டு கொடு என்றேன்.
ஒரே கம்பெனியில் வேண்டாம், என்றான்.
ஒரே நாளில் பிறந்தவை ஒரே வாரத்தில் சாகும்,
என் சித்தப்பாக்கள் அப்படித்தான்.
சிரித்தோம். பிறகு கேட்டான்:
இரண்டாவதை எங்கே வைப்பீர்கள்?
அதே அலமாரியில், முதலாவதுக்குப் பக்கத்தில்.

பில் புத்தகத்தை மூடினான்.
அவன் வீடு இருந்தது, போன கோடையில்
தீ இறங்கிவந்த குன்றில்.
எங்களிடமும் இரண்டு இருந்தன, என்றான்.
ஒரே அலமாரியில்.
வேறெதுவும் சொல்லவில்லை.
கடல்காற்றின் ஈரத்துக்கென்று
சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சும்மா போட்டுக்கொடுத்தான்.

வேறு கூரை வேண்டும், வேறு ஊர் வேண்டும்.
விரல்விட்டு எண்ணினேன்.
தங்கை கீழ்த்தெருவில்: அதே சரிவு, அதே காற்று.
முதலாளியிடம் தரலாம், எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்.
வங்கிப் பெட்டக வாடகைக்கு
வருடம் ஒரு டிஸ்க் வாங்கலாம்.
மடங்காமல் நின்ற விரல் லிமாச்சேயைக் காட்டியது.
ஆபெலார்தோ.
ஆறு வருடமாய் நாங்கள் பேசிக்கொள்வது
பள்ளிக் கட்டணமும் பல் மருத்துவரும் மட்டும்.

இரவெல்லாம் நகல் ஓடியது.
இன்னும் ஆறு மணி நேரம் என்றது, பிறகு இரண்டு நாள்,
பிறகு நாற்பது நிமிடம்.
மூன்று மணிக்கு நிலம் லேசாய் அசைந்தது, வழக்கமானதுதான்.
அலமாரியில் கோப்பைகள் கிலுங்கின.
நான் ஓடிப்போய்ப் பிடித்தது கோப்பைகளை அல்ல.
விடிந்ததும் நகலிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாய்
முப்பது படங்களைத் திறந்தேன்.
திறந்து பார்க்காத நகல்
வெறும் டப்பா, செனோரா.

ரயில் வண்டியில் மடியிலேயே வைத்திருந்தேன்.
செப்டம்பர். தக்காளிக் கூடாரத்துக்குள் புழுக்கம்,
அவன் கைகளில் பச்சைக் காம்பின் வாசனை.
ஈரத்தில் வைக்காதே. உயரத்தில் வைக்காதே.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபிளைச் சொருகு.
கையில் எடைபார்த்தான்.
இதில் நான் இருக்கிறேனா?
முழங்கை இருக்கிறது, என்றேன். வெட்டிவிட்டேன்.
வெட்டாதது?
அதுவும் இருக்கிறது. அழிக்க நேரமில்லை.
கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் பெட்டியை நுழைத்தான்.
விதைக் கம்பெனிக் காலண்டரைப் புரட்டி
மார்ச்சில் பென்சிலால் ஒரு வட்டம்.

மார்ச்சில் செய்தி வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
சொருகினேன். சுழல்கிறது.
ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று:
பல் விழுந்த படம் இதில் இல்லையே?
என் பழைய போனில் இருக்கிறது. அனுப்பவா?

அனுப்பாதே, என்று எழுதினேன்.
அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.
ஞாயிற்றுக்கிழமை
கேபிள் எடுத்துக்கொண்டு வருகிறேன்.