மறுக்கப்பட்டோர் படிவம்

கிரிம்ஸ்பியில் மே மாதத்து மழை.
தேவாலயக் கூடம், மடக்குமேசை, பட்டியல்.
டெஸ்மண்ட் நீட்டியது நூலக அட்டை.
படம் இல்லை, செல்லாது என்றேன்.

"கிளெனிஸ், என்னைத் தெரியாதா?"

தெரியும்.
போன பனியில் என் கொதிகலனைப் பழுதுபார்த்தவர்.
அவர் நாயின் பெயர்கூடத் தெரியும்.

செத்துப்போன என் அண்ணன் பெயரில்
யாரோ ஒருமுறை ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.
இந்தச் சட்டம் வேண்டுமென்று
கையெழுத்துப் போட்டவள் நான்.

முதியோர் பேருந்து அட்டை செல்லும்.
மாணவனின் ரயில் அட்டை செல்லாது.
இரண்டிலும் முகம் இருக்கிறது.

இரவு பத்து. பெட்டிக்கு முத்திரை.
திரும்பி வராதவர் மூன்று என்று எழுதினேன்.
வாசல் அறிவிப்பைப் படித்துவிட்டு
மழையோடு போனவர்களுக்குக்
கட்டமே இல்லை.

மூலையில் ஒரு குடை.
"யாருடையது?" என்றார் அதிகாரி.
பார்த்ததும் சொன்னேன்.