எட்டணா

திம்பத்தின் இருபத்தேழு வளைவும் இறங்கி
சத்தியில் பஸ் மாறி
கோபி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும்போது
மணி பதினொன்றரை.
கடைசி வளைவின் குமட்டல் இன்னும் தொண்டையில்.

"ஏனுங்க, நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு
ஒரு ஆதாரம் வேணுமல்லங்க?"
மரியாதையாகத்தான் கேட்டார்.
இந்தச் சீமையில் இல்லை என்பதைக்கூட
கவுந்தப்பாடிச் சர்க்கரை போட்டுத்தான் சொல்வார்கள்.

போன தடவை போட்டோ கொண்டுவந்தேன்.
நேரலட்டியில் எங்கள் சாமிக்கல்,
செத்தவர்களுக்கு நட்ட கல்,
ராகி குத்திக் குத்திக் குழிந்த பாறை.
பாறையில் என் முழங்கை வரை போகும் குழி.
அதற்கு எத்தனை உலக்கை தேய்ந்திருக்கும் என்று
அவர் கணக்குப் போடவில்லை.
"கல்லுல தேதி இல்லீங்களே" என்றார்.

தேதி போட்ட கல்லும் எங்கள் காட்டில் உண்டு.
அது நாங்கள் நட்டதில்லை.

துரை நட்டது.
உள்ளே இருப்பது சர்க்கார் காடு,
பாத்தியதை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் சொல்லலாம்
என்று கச்சேரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினானாம்.
சுவர் கீழே இருந்தது.
நாங்கள் மேலே இருந்தோம்.
இடையில் மழைக்காலம்.
மூன்று மாதம் கழித்து
ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக்கொண்டான்.

இந்தத் தடவை ஜெராக்ஸ்.
சென்னையில் படிக்கும் எங்கள் பையன் பசுவராசு
பழைய கட்டுகளுக்குள் எட்டு நாள் தும்மித் தும்மி எடுத்தது.
வனக்குற்றப் பதிவேடு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று.

*நேரலட்டி ஊராளி ஜடையன்.
கொத்துக்காடு வெட்டித் தீ வைத்தது. எட்டணா.
மேற்படியான் பெண்சாதி கெம்பி.
மூங்கில் குருத்து ஒரு கூடை. நாலணா.
சிக்கமாதன். தேன்.*

தேன், அவ்வளவுதான். குற்றம் முழுதும் அந்த ஒரு சொல்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"இது திருட்டு லிஸ்ட் இல்லீங்களா?"
"ஆமாங்க. முதல் ஆள் எங்கப்பனோட பாட்டன்."

திருடியவன் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா.
இல்லாத ஊரில் இருந்து
எப்படி ஐயா ஒருத்தி குருத்து ஒடிப்பாள்?
பட்டா இல்லை, கிஸ்து கட்டிய ரசீது இல்லை,
பள்ளிக்கூடச் சான்று இல்லை.
எங்களைப் பற்றி எழுதிய முதல் எழுத்து
இந்த அபராதம்.

ஜடையன் எட்டணா கட்டவில்லை.
கடைசிக் கட்டத்தில் ரைட்டர் எழுதியிருக்கிறான்:
*ஆசாமி காட்டுக்குள் ஓடிப்போய்விட்டான்.*

ஓடவில்லை.
வீட்டுக்குப் போனான்.

தீ நின்றது. ஜெயித்தது துரைதான்.
தீ நின்ற காட்டில் உண்ணிச்செடி ஏறியது.
இன்று அதற்குள் மானும் நுழையாது, நானும் நுழைய முடியாது.
சீமாறுப் புல் அறுக்கப் போன இடத்தில்
வாச்சர் என் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டான்.
அவன் எங்கள் பங்காளி. தினக்கூலி.
பிடுங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கமிட்டி பார்க்கும்ங்க, வெச்சிட்டுப் போங்க."
கட்டை நூலால் சுற்றி, கட்டுகளின் மேல் வைத்தார்.
அந்தக் கட்டுகளுக்கு என்ன வயது என்று
நான் கேட்கவில்லை.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு ரசீது குடுங்க."
"அதெல்லாம் எதுக்குங்க, நாங்க இருக்கறமல்ல?"

"துரைகூட எழுதி வெச்சானுங்க.
திருடன்னு எழுதினாலும்
எழுதி வெச்சான்."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.
மேசை இழுப்பறையில் முத்திரையைத் தேடினார்.
மைப்பெட்டி காய்ந்திருந்தது.
தன் பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு
என் நகலின் மேல் அழுத்தினார்.
அலுவலகத்தின் பெயர் விழவில்லை. கையெழுத்தும் இல்லை.

தேதி மட்டும் விழுந்தது,
ஜடையனுக்கும் கெம்பிக்கும் நடுவில்,
ஊதாவாக, ஈரமாக.

காயும்வரை ஊதிக்கொண்டே
பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.